கீழே என் பெயர்

டயர் கடைக்கும் வரிக்கணக்கு ஆபீசுக்கும் நடுவே
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள்.
இருமல் மிட்டாய் ஒன்று விழுந்தது,
அதையும் லாக்கரில் வைத்துப் பூட்டினார்கள்.
நூற்றைம்பது கேள்வி.
எழுபதாவதில் ஒரு குழந்தையின் முதுகுத் தடிப்பு,
அதோடு மட்டும் நாலு நிமிடம் மல்லுக்கு நின்றேன்.
வெளியே மேசையில் இருந்த பெண்
ஒரு தாளைக் குப்புறக் கவிழ்த்து நீட்டினாள்.
தேர்ச்சி என்றது தாள்.
தற்காலிகமாக என்றும் சேர்த்துச் சொன்னது.

பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தேன்.
பதினேழு வருடம் இரவு வேலை பார்த்தவளுக்கு
முதலில் வந்தது பசி.
எதிர்க்கடையில் முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் திணித்த
சூடான பன் ஒன்று வாங்கித் தின்றேன்.
அழுகை அதற்குப் பிறகுதான்.
கடுகுச் சாறு துடைத்த காகிதத்தாலேயே
கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.
எரிந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

வீட்டில் டுவெய்ன் கேட்டான்:
"இனிமே கன்னுக்குட்டிக்கும் நீயே சீட்டெழுதுவியா?"

உரிமம் வர ஒன்பது வாரம்.
அதற்குள் நெப்ராஸ்கா முழுக்கச் சோளம் காய்ந்து
அறுப்புக்கு நின்றது.

கிளினிக் முன்பு வங்கியாக இருந்த கட்டடம்.
பணப்பெட்டக அறையில் இப்போது தடுப்பூசிகள்.
சட்டையில் குத்திய அட்டையில்
ஜெனெல் வாவ்ரா, நர்ஸ் பிராக்டிஷனர்;
இடம் போதாமல் கடைசி எழுத்துகள்
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன,
பஸ்ஸில் நிற்பதுபோல.

முதல் ஆள் ஆர்லோ ஹிருஷ்கா, எழுபத்தொன்று.
மீசையில் சோளத் தூசி.
"டாக்டர் எப்போ வருவார்?"
"இன்னிக்கு நான்தான் பார்க்கிறேன்."
கண்ணாடி முன் நின்று பலமுறை பழகிய வாக்கியம்,
வாயில் வரும்போது
கடைசிச் சொல் கேள்விபோல உயர்ந்துவிட்டது.

தோள்வலி, தைலம் போதும் என்றார்.
கம்பைன் ஏணியில் ஏறினால் இழுக்கும்,
உட்கார்ந்தால் விட்டுவிடும்.
வேறு எங்காவது வலிக்குமா?
"தாடையில. பல்லா இருக்கும்."
சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தார்.

இதயத்தின் கோடுகளை எந்திரம் வரைந்து தந்தது.
தாளை எடுத்துக்கொண்டு
என் கால்கள் தாமாகவே தாழ்வாரத்துக்குப் போயின.
பதினேழு வருடப் பழக்கம்:
தாளை ஒருவர் கையில் கொடுப்பது,
அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது.
தாழ்வாரத்தில் ஒரு தண்ணீர் எந்திரம்
உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.
அறுபது மைல் தள்ளியிருந்த டாக்டர்
வேறொரு நோயாளியோடு இருந்தார்,
பிறகு அழைப்பார் என்றார்கள்.
தாளை நானே பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"இப்பவே பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்சைக் கூப்பிடறேன்."
"நாப்பது ஏக்கர் பாக்கி. புதன்கிழமை மழை."
"சோளம் காத்திருக்கும்."
"காத்திருக்காது."
காத்திருக்காது. எனக்கும் தெரியும்.
பதில் சொல்ல ஒன்றும் இல்லாமல்
கடிதத்தை எழுதி, கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு
மேலேயுள்ள எதையும் படிக்காமல்
நேராக அடிவரிக்குப் போனார்.
"வாவ்ரா. கிணறு தோண்டுற வாவ்ராவா?"
"அவங்க மருமக."
"எங்க கிணத்துல அறுபத்தெட்டுலேர்ந்து தண்ணி வத்தல."
கொஞ்சம் யோசித்தார்.
"ஆம்புலன்ஸ் வேணாம். பெர்னீஸ் காரை எடுப்பா."

நூற்றைம்பது கேள்வியில்
கிணறு பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கு இன்னும் பதினோரு பேர்.
பார்க்கிங்கில் சாவியைத் திருகும்போதுதான்
அந்தக் குழந்தையின் தடிப்பு என்னவென்று புரிந்தது.
தவறாகத்தான் குறித்திருக்கிறேன்.

இருட்டிவிட்டது.
சரளைச் சாலையின் திருப்பத்தில் ஹிருஷ்கா நிலம்.
விளக்குகள் எரிய ஒரு கம்பைன்
அறுத்துக்கொண்டே வந்தது.
மகனோ, பக்கத்து நிலத்துக்காரரோ,
அவரேதானோ.
வண்டியை ஓரம் கட்டினேன்.
தூசியில் முகம் தெரியவில்லை.
பெர்னீஸின் எண்ணை அழுத்தி
காதில் வைத்துக்கொண்டு
எந்திரம் அந்தக் கோடியில் திரும்புவதைப் பார்த்திருந்தேன்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.